பள்ளிக்கும் வீட்டுக்கும் எந்த இணைய வடிகட்டி? பாலியல் கல்வியை மனத்தில் வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. பள்ளிகளும் நூலகங்களும் பயன்படுத்திய இணைய வடிகட்டிகளை முதலில் மிகத் தளர்வான நிலையில் வைத்துச் சோதித்தார்கள். ஆபாசத் தளங்களில் 87 விழுக்காடு தடுக்கப்பட்டன. தவறாகத் தடுக்கப்பட்ட உடல்நலத் தளங்கள் 1.4 விழுக்காடு மட்டுமே. பிறகு அதே வடிகட்டிகளை மிகக் கடுமையான நிலைக்கு உயர்த்தினார்கள். ஆபாசத் தடுப்பு 91 விழுக்காடாயிற்று. உடல்நலத் தளங்களின் இழப்போ 24 விழுக்காட்டுக்குத் தாவியது. நான்கு புள்ளி ஆதாயத்துக்காக, நல்ல பக்கங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

எண்கள் இன்று வேறாக இருக்கலாம். பேரத்தின் வடிவம் அதேதான். பெரிய ஆபாசத் தளங்களின் முகவரிகள் ஊரறிந்தவை. வடிகட்டியின் முதல் படியிலேயே அவை விழுந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு படியும், ஆபாசமா பாடமா என்று கருவிக்கே புரியாத பக்கங்களின் மீதுதான் பாய்கிறது. ஆணுறையை எப்படி அணிவது, மாதவிடாய் தள்ளிப்போனால் என்ன செய்வது, தவறாகத் தொட்டவர் சொந்த மாமாவாக இருந்தால் யாரிடம் சொல்வது என்று விளக்கும் பக்கங்கள் எல்லாம் அந்த மேல்படிகளில்தான் சிக்குகின்றன.

பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கோ, விடுதியின் வைஃபைக்கோ, வீட்டில் பிள்ளையின் கைபேசிக்கோ வடிகட்டி போடும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான மாணவர்களே என் மனத்தில் இருக்கிறார்கள்.

<b>பிள்ளைகள் ஏன் இணையத்தில் கேட்கிறார்கள்</b>

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கருத்தடை முறைகளும் பால்வினை நோய்களும் விரிவாக வருவது பிளஸ் டூ விலங்கியலில். வணிகவியல் எடுத்த மாணவர் அந்தப் பாடத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அதற்கு முந்தைய வகுப்புகளில் இனப்பெருக்க மண்டலம் உண்டு. ஆனால் அந்தப் பாடம் வரும் நாளில் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கடந்துபோகும் வகுப்பறைகளை நாம் எல்லோரும் அறிவோம். வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தபோது, 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் போன்ற மாநிலங்கள் அதை நிறுத்தின. 2009இல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே வேண்டாம் என்றது.

உச்ச நீதிமன்றம் வேறு திசையில் நடந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மீதான மேல்முறையீட்டில், 2024 செப்டம்பர் 23 அன்று வந்த தீர்ப்பை நிர்வாகிகள் அனைவரும் படிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படங்களை வைத்திருப்பவர்கள் மீது மிகக் கடுமை காட்டிய தீர்ப்பு அது. அதே தீர்ப்புதான் முழுமையான பாலியல் கல்வித் திட்டம் ஒன்றை வகுக்க நிபுணர் குழு அமைப்பதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு யோசனை சொன்னது. ஆபாசத்தைத் தடுப்பதும் அறிவைத் திறந்துவிடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நீதிபதிகள் நினைக்கவில்லை.

இன்னொரு காரணம் நம் நாட்டுக்கே உரியது. போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்ட எவரும் குழந்தை. குற்றம் நடந்ததாக அறிபவர் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சட்டத்தின் நோக்கம் சரியானது. ஆனால் தன் வயதுப் பையனோடு பழகி, மாதவிடாய் தள்ளிப்போன அச்சத்தில் இருக்கும் 17 வயதுப் பெண், டாக்டரிடமோ டீச்சரிடமோ வாய் திறந்தால் வழக்காகிவிடும் என்று நடுங்குகிறாள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இது அவளுக்கு எங்கிருந்து தெரியவரும்? பெயர் சொல்லாமல் தேடக்கூடிய ஒரே இடம் இணையம். அந்தச் செய்தி இருக்கும் பக்கத்தில் "கருக்கலைப்பு" என்ற சொல் இருக்கும். கடுமையான வடிகட்டி அந்தச் சொல்லில்தான் கை வைக்கும்.

நல்ல பக்கம் மூடப்பட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. வேறு கடைக்குப் போகும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் என்றும், சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்றும் பையன்களை மிரட்டி லேகியம் விற்கும் கூட்டம் சுவரொட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியிலிருந்து யூடியூபுக்கும் குடிபெயர்ந்துவிட்டது. பாலியல் வீரியத்துக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் அந்த விளம்பரங்கள் வடிகட்டிகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டி வருகின்றன. அவற்றில் நிர்வாணம் கிடையாது; வேட்டியும் விபூதியுமாக ஒருவர் அமர்ந்து பேசுகிறார், அவ்வளவுதான். பதினாறு வயதுப் பையனின் மனத்தில் அவர் விதைக்கும் பயத்தை எந்த வடிகட்டியும் அளப்பதில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தக் கோபம்தான்.

<b>அரசும் இணைய நிறுவனங்களும் போடும் மொத்தத் தடை</b>

இதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. 2015 ஜூலை 31 அன்று மத்திய அரசு 857 தளங்களை முடக்க உத்தரவிட்டது. பட்டியலில் நகைச்சுவைத் தளம்கூட இருந்தது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் உத்தரவு தளர்ந்தது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 827 தளங்கள் மூடப்பட்டன. வேறு முகவரிகளில் நகல் தளங்கள் முளைத்தன.

பிரிட்டனில் இது பெரிய அளவில் நடந்தது. 2013இல் பிரதமர் டேவிட் கேமரன் அழுத்தம் கொடுத்ததால், பிடி, ஸ்கை, டாக்டாக், விர்ஜின் மீடியா ஆகிய நான்கு நிறுவனங்களும் வீட்டு இணைப்புகளுக்கு வடிகட்டி கொண்டுவந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி சோதித்தபோது, விருது பெற்ற பாலியல் கல்வித் தளமான பிஷ் யுகேயை டாக்டாக் வடிகட்டி மூடியிருந்தது. எடின்பரோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தின் தளமும் தப்பவில்லை. ஆபாச அடிமைத்தனத்திலிருந்து மீள உதவும் தளங்களை ஸ்கை தடுத்திருந்தது. மீண்டுவர நினைத்தவனுக்கு உதவிக் கதவு மூடியிருந்தது என்பதுதான் இதில் மிகக் கொடுமை.

ஆக்ஸ்போர்டு இணைய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கு இன்னும் தெளிவு தருகிறது. ஓர் இளைஞர் பாலியல் காட்சியைக் காணாமல் தடுக்க, 17 முதல் 77 வீடுகள் வரை வடிகட்டி போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் மதிப்பீடு.

வயதுச் சரிபார்ப்பு பற்றி ஒரு வரி. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களுக்கு அது கட்டாயமானது. உடனே ஆப்பிள் கடையின் பதிவிறக்கப் பட்டியலில், தடையைச் சுற்றிக் கடக்க உதவும் விபிஎன் செயலிகள் முன்னுக்கு வந்தன. பள்ளியும் பெற்றோரும் முடிவெடுக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

<b>பள்ளி ஃபயர்வாலின் வகைப் பட்டியல்</b>

ஃபயர்வால் என்பது வளாகத்தின் இணையப் போக்குவரத்தைக் காவல் காக்கும் கருவி. பள்ளி, கல்லூரி வளாகங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகை. கோடிக்கணக்கான தளங்களை நிறுவனம் முன்கூட்டியே வகை பிரித்து வைத்திருக்கும். எந்த வகை வேண்டாம் என்று நாம் குறித்தால் போதும். வசதியான கருவி. ஆனால் வகையைப் பிரித்தவரின் பார்வையும் கூடவே வந்துவிடும்.

பரவலாகப் பயன்படும் ஃபோர்டினெட் நிறுவனத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். "வயது வந்தோர்" என்ற தலைப்பின் கீழ் ஆபாசம், சூதாட்டம், ஆயுதம், மது ஆகியவற்றோடு கருக்கலைப்பும் பாலியல் கல்வியும் தனித்தனி வகைகளாக உட்கார்ந்திருக்கின்றன. தலைப்பையே ஒரே சொடுக்கில் மூடினால் பாலியல் கல்வியும் சேர்ந்து மூடிவிடும். உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மட்டும் அதைத் திறந்துவைக்க முடியும். அவசரத்தில் இருக்கும் ஒப்பந்தக்காரர் உள்ளே போய்ப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. பள்ளி கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கேம்டென்டன் பள்ளி மாவட்டம் பயன்படுத்திய வடிகட்டி, ஒருபால் ஈர்ப்புள்ள மாணவர்களுக்கு ஆதரவான தளங்களைப் "பாலியல்" என்ற வகையில் போட்டுத் தடுத்தது. அவர்களை எதிர்க்கும் தளங்கள் "மதம்" என்ற வகையில் இருந்ததால் திறந்தன. 2012 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தச் சொன்னது. தன் ஈர்ப்பு என்னவென்று புரியாமல் தவிக்கும் நம் ஊர் மாணவருக்கும், நீ குற்றவாளி என்று சொல்லும் பக்கம் மட்டும் திறக்குமானால் அதன் விளைவை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சொற்களைப் பார்த்துத் தடுக்கும் வசதியும் இத்தகைய கருவிகளில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். 1995இல் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் "மார்பகம்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தடைசெய்ததில் மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் தங்கள் குழுவின் பெயரையே எழுத முடியாமல் போனார்கள், நிறுவனம் பின்வாங்கியது. தமிழில் தலைகீழ்ச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலச் சொற்களில் பழகிய கருவிக்குத் தமிழ் எழுத்தில் உள்ள கொச்சைக் கதை புரியாது, ஆகவே விட்டுவிடும். ஆங்கிலத்தில் உள்ள மருத்துவக் கட்டுரையில் உறுப்பின் பெயர் தெரியும், ஆகவே தடுத்துவிடும்.

<b>டிஎன்எஸ் வடிகட்டி, பாதுகாப்பான தேடல்</b>

வீட்டுக்கும் சிறிய பள்ளிக்கும் செலவில்லாத வழி இது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; அந்த முகவரியைக் கேட்கும் இடத்திலேயே "கிடையாது" என்று சொல்லிவிடும் ஏற்பாடு. ரவுட்டரில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குடும்பச் சேவைக்கு எண் 1.1.1.3. 2020 ஏப்ரல் 1 அன்று அது வெளிவந்தபோது பாலினச் சிறுபான்மையினருக்கான தகவல் தளங்களையும் தடுத்தது. தவறான வகைப்பட்டியலை எடுத்துக்கொண்டதே காரணம் என்று ஒப்புக்கொண்டு நிறுவனம் விரைவிலேயே திருத்தியது. ஒரே பட்டியல் உலகம் முழுவதற்கும் பொருந்தும்போது தவறும் உலகம் முழுவதும் பரவுகிறது. அதே சமயம் திருத்தமும் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது.

கிளீன்பிரவுசிங் என்ற சேவையில் ஆபாசத்தைத் தடுக்கும் இரண்டு இலவச வடிகட்டிகள் இருக்கின்றன. "குடும்பம்" என்ற பெயருள்ளது ஆபாசத்தோடு ரெடிட் போன்ற, ஆபாசமும் பிறவும் கலந்திருக்கும் தளங்களையும் விபிஎன்களையும் தடுக்கிறது. "வயது வந்தோர்" என்ற பெயருள்ளது ஆபாசத்தையும் மோசடித் தளங்களையும் மட்டும் தடுக்கிறது. பெயரைப் பார்த்துப் பெற்றோர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதே பொருத்தம்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ரவுட்டரில் போட்டது வைஃபையோடு நின்றுவிடும். மொபைல் டேட்டாவைத் தொடாது. ஆண்ட்ராய்டு 9உம் அதற்குப் பிந்தையவையும் உள்ள கைபேசிகளில் "பிரைவேட் டிஎன்எஸ்" அமைப்பில் போட்டால் மொபைல் டேட்டாவிலும் செல்லும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நண்பன் அனுப்பும் வீடியோவை எந்த டிஎன்எஸ்ஸும் பார்ப்பதில்லை. நம் பிள்ளைகள் பலருக்கு முதல் ஆபாசக் காட்சி வருவது அந்த வழியாகத்தான் என்பதால், வடிகட்டி போட்டாயிற்று என்ற நிம்மதிக்கு இடமில்லை.

கூகுளின் பாதுகாப்பான தேடல் வசதி என் கணிப்பில் இருப்பவற்றில் மிகச் சிறந்த பேரம். தேடல் முடிவுகளில் வெளிப்படையான படங்களையும் வீடியோக்களையும் மறைக்கிறது அல்லது மங்கலாக்குகிறது. மருத்துவ விளக்கங்களை விட்டுவைக்கிறது. தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் சிறு பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து. அதை இது கணிசமாகக் குறைக்கிறது.

பெரியவர்களுக்கானவை என்று கருதும் வீடியோக்களை மறைக்கும் யூடியூபின் கட்டுப்பாட்டு நிலை பற்றி எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் இல்லை. 2017இல் சாதாரண உரையாடல் வீடியோக்களைக்கூட அது மறைத்ததாகப் புகார் எழுந்து நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. யூடியூப் விதிப்படியே ஆபாசம் அங்கே அனுமதியில்லை என்பதால் இந்த நிலையைப் போடுவதால் வரும் ஆதாயம் சிறியது. தமிழ் மாணவர்கள் உடல்நலத்தைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட டாக்டர்களின் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்வதே அதிகம்; அந்த வாசலை அடைப்பது பெரிய இழப்பு.

<b>கண்காணிப்புச் செயலிகள்</b>

கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் ஆகியவை நேரக் கட்டுப்பாட்டுக்கும் செயலி அனுமதிக்கும் உதவும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். என் எதிர்ப்பு, பிள்ளை தேடிய ஒவ்வொரு சொல்லையும் பெற்றோருக்கு அறிக்கையாக அனுப்பும் செயலிகள் மீது.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதோ ஒரு வடிவப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். "அப்பா இப்படித் தொட்டால் என்ன செய்வது" என்று ஒரு சிறுமி தட்டச்சு செய்து, அந்த வரி அப்பாவின் கைபேசிக்கே போய்ச் சேர்ந்தால்? அந்த வீட்டில் வடிகட்டி யாரைக் காக்கிறது? தப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். இது எத்தனை வீடுகளில் நடக்கும் என்று கணக்குப் பார்த்து ஒதுக்கிவிடக் கூடிய ஆபத்து இல்லை.

பள்ளி ஃபயர்வாலிலும் இதே பதிவேடு இருக்கிறது. எந்தக் கணினியிலிருந்து எது தேடப்பட்டது என்பதைப் பாதுகாப்புத் தேவைக்கு மட்டும், தலைமை ஆசிரியரின் எழுத்து மூல அனுமதியோடு பார்க்கலாம் என்று விதி வைத்தால் போதும்.

<b>அனுமதித்த தளங்கள் மட்டும், அல்லது வடிகட்டியே இல்லாமல்</b>

ஐந்தாம் வகுப்பு வரை அனுமதிப் பட்டியல் சரி. அதற்கு மேல் அது கல்வியையே குறுக்கிவிடும். பட்டியல் போடுபவருக்குத் தோன்றாத கேள்வி மாணவருக்கு வரவே கூடாது என்றாகிவிடும்.

வடிகட்டியே வேண்டாம் என்பவர்களை நான் மதிக்கிறேன். ஆக்ஸ்போர்டு கணக்கு அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் பொதுக் கணினி ஆய்வகத்தில் ஒருவர் திறக்கும் பக்கம் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் கண்ணிலும் படும். ஆபாசத்தைத் திறந்து காட்டி சக மாணவிகளைச் சீண்டுவதும் நடக்கக்கூடியதே. அடிப்படைத் தடுப்பு இல்லாமல் ஆய்வகத்தை நடத்தச் சொல்ல எனக்கு மனமில்லை.

<b>என் தேர்வு</b>

ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை: ஆபாசத்தை மட்டும் தடுக்கும் டிஎன்எஸ், பாதுகாப்பான தேடல், கூடவே பள்ளியே தொகுத்த தமிழ்ப் பக்கங்களின் சிறு பட்டியல் உலாவியின் முதல் பக்கத்தில். ஒன்பது முதல் பிளஸ் டூ வரை: அதே இரண்டு, யூடியூப் கட்டுப்பாட்டு நிலை இல்லாமல். ஃபயர்வால் உள்ள பள்ளியில் "ஆபாசம்" என்ற ஒரே வகையை மூடி, பாலியல் கல்வி, கருக்கலைப்பு, உடல்நலம், ஆதரவு அமைப்புகள் ஆகியவற்றைத் திறந்தே வைக்கலாம். கைசர் ஆய்வின் தளர்வான நிலைக்கு மிக அருகில் நிற்கும் ஏற்பாடு இது.

தவறாக மூடப்பட்ட பக்கத்தைத் திறக்கச் சொல்லும் வழி முக்கியம். அமெரிக்காவில் நூலக வடிகட்டிகளைக் கட்டாயப்படுத்திய 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றதற்கு ஒரு காரணம், பெரியவர்கள் நூலகரிடம் கேட்டால் தடையை நீக்கித் தருவார் என்பது. பதினைந்து வயது மாணவி கணினி ஆசிரியரிடம் போய் "வெள்ளைப்படுதல் பக்கத்தைத் திறந்து கொடுங்கள் சார்" என்று கேட்பாளா? கேட்க மாட்டாள். தடைப் பக்கத்திலேயே பெயர் எழுதத் தேவையில்லாத பொத்தான் ஒன்று வேண்டும். அல்லது ஆய்வக வாசலில் ஒரு பெட்டி. அதே தடைப் பக்கத்தில் 1098 குழந்தைகள் உதவி எண், 104 மருத்துவ உதவி எண், 14417 பள்ளிக் கல்வி உதவி எண் ஆகிய மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பதில் சொல்ல ஒரு மனிதரும் தேவை. டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் அமர்ந்து நேயர்களின் பாலியல் சந்தேகங்களுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னபோது தமிழ்நாடு கெட்டுப்போகவில்லை. பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் சான்றுகளோடு சொல்கின்றன. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ செவிலியரோ வந்து பெயரில்லாத சீட்டுகளுக்குப் பதில் சொன்னால், எந்த வடிகட்டியையும்விட அது அந்த லேகியக் கூட்டத்தைத் தடுக்கும்.

நிறுவிய அன்றே சோதித்துவிடுங்கள். மாணவர் கணினி ஒன்றில் அமர்ந்து, மாதவிடாய் வலி, ஆணுறை, அவசரக் கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. பரிசோதனை, தவறான தொடுதல், ஒருபால் ஈர்ப்பு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பாருங்கள். எது மூடியிருக்கிறதோ அதைக் குறித்து, ஒப்பந்தக்காரர் கிளம்பும் முன் திறக்கச் சொல்லுங்கள். சேவையின் பட்டியல் தானாகவே மாறிக்கொண்டிருக்கும் என்பதால் பருவத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அந்த வேலையைக் கணினி ஆசிரியரிடம் மட்டும் விடாமல், உயிரியல் ஆசிரியை ஒருவரையும் பிளஸ் ஒன் மாணவர் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உண்மையில் என்ன சொற்களில் தேடுகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.